ஈயக் குண்டின் உண்மை விலை

திருச்சி சாலையில் வடமதுரையைக் கடந்து திண்டுக்கல்லுக்கு வந்தால் மலைக்கோட்டை கண்ணில் படும். 1755-இல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக (படைத் தலைவராக) இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதச்சாலை ஒன்றை அமைத்தார். அக்காலத் துப்பாக்கிகளில் போட்டுச் சுட்டது ஈய உருண்டையை. இன்றும் கைத்துப்பாக்கிக் குண்டுகளில் மலிவானது ஈயக் குண்டுதான்.

காரணம் ஈயத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தாமிரத்தை உருக்க 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஈயத்துக்கு 327.5 டிகிரி போதும். கனமும் அதிகம். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை 7.87 கிராம், ஈயத்தின் எடை 11.34 கிராம். ஒரே அளவுள்ள குண்டுகளில் கனமானதுதான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகையில் வேகத்தைத் தக்கவைக்கும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் துப்பாக்கி சுடும் பயிற்சி பெறுவோர் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துவைத்து, அதில் புதிய வெடிமருந்தும் குண்டும் இட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். கூடு பலமுறை உழைக்கும். குண்டு ஒருமுறையோடு சரி. எனவே மலிவான குண்டு எது என்பதே அவர்களின் முதல் கேள்வி. பொதுவாக வார்த்த ஈயக் குண்டு விலை குறைவு. தாமிர முலாம் பூசியது அதைவிடக் கூடுதல். கெட்டியான தாமிர உறை போட்டது இன்னும் கூடுதல்.

எதை எடுப்பது என்பதை வேகம் சொல்லும். குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கான .38 ரகத் தோட்டாவில் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் வேகத்தில் போகும். அங்கே மென்மையான ஈயமே போதும். 9 மில்லிமீட்டர் தோட்டாவில் வேகம் 350 மீட்டரை ஒட்டி வரும். அதற்கு அன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து இறுக்கிய ஈயமோ, தாமிரப் பூச்சோ தேவை. அதைவிட முக்கியம் அளவுப் பொருத்தம். குண்டு குழலைவிடச் சற்றே சிறுத்திருந்தாலும் சூடான வாயு இடுக்கில் புகுந்து ஈயத்தை உருக்கும். அது குழலின் உட்புறச் சுழல்வரிகளில் படிந்து குறியைக் கெடுக்கும்.

இந்த மலிவுக்கு உடம்பு கொடுக்கும் விலை ஒன்று உண்டு. சுடும்போது ஈயம் நுண்துகளாகக் காற்றில் கலக்கிறது. தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருப்பதால், தாமிர உறை மட்டும் முழுப் பாதுகாப்பு ஆகாது. உடம்புக்குள் போன ஈயம் கால்சியத்தைப் போல நடித்து எலும்பில் தங்குகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் விளையாட்டின் வழியே ஈயம் நம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளில் பயன்படுவது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுதான். பிள்ளையைச் சுடுதளத்துக்கு அனுப்பும் பெற்றோரே, மூன்றைக் கட்டாயமாக்குங்கள்: அங்கே எதையும் தின்னக் கூடாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும்.