அசல் சான்றிதழ் எங்கே?
கூடைப்பந்தில் மாநிலப் போட்டி வரை சென்ற என் மாணவி, பொறியியல் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க நகலோடு வந்தாள். சாத்தூரில் தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் அவள் அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. அசல் சான்றிதழ் எங்கள் பள்ளி அலமாரியிலேயே கிடந்தது. தவறு என்னுடையது. மாலைக்குள் தேடிக் கொடுத்தேன்.

அமெரிக்காவில் பள்ளி வீரர்களின் ஆட்டத்தைப் பார்த்து நட்சத்திரமிட்டுத் தரவரிசைப்படுத்துகிறார்கள். கல்லூரிப் பயிற்சியாளர்களே தேடி வருகிறார்கள். நம் பொறியியல் ஒதுக்கீட்டின் 500 இடங்களுக்கு யாரும் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. சர்வதேசம், தேசியம், மாநிலம் எனப் போட்டியின் நிலைக்கேற்ப மதிப்பெண். அதை உறுதிசெய்வது சான்றிதழ் சரிபார்ப்பு. காகிதம் இல்லையெனில் ஆடிய ஆட்டமும் இல்லை.

ஆகவே, போட்டி முடிந்ததும் பெயர், பிறந்த தேதியைச் சரிபார்த்து, அசலை மாணவர் கையில் கொடுத்துவிடுவோம்.