கையில் அப்பாவின் முகம்: போர்ட்ரெய்ட் டாட்டூ போடும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

மந்திரி ஸ்கொயர் மெட்ரோவில் இறங்கி சம்பிகே ரோட்டில் நடந்தால், ஆட்டோவின் பின்கண்ணாடியிலிருந்து ஒரு முகம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். புனித் ராஜ்குமார், ரசிகர்களுக்கு 'அப்பு'. மல்லேஸ்வரத்தை ஒட்டிய சாங்கி ஏரிக்கு அந்தப் பக்கம், சதாசிவநகரில் வாழ்ந்தவர். 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். அதன் பிறகு கர்நாடகாவில் பல ரசிகர்கள் அவர் முகத்தை கையிலும் மார்பிலும் டாட்டூவாகப் போட்டுக்கொண்டார்கள். சில முகங்கள் அச்சு அசல் அப்பு. சிலவற்றில், கீழே பெயர் இருப்பதால்தான் அப்பு என்றே தெரிகிறது.

நடிகர் முகம் தப்பினால் நண்பர்கள் கிண்டலோடு போய்விடும். ஆனால் இறந்துபோன அப்பாவையோ பாட்டியையோ கையில் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அப்படி இல்லை. பூவோ சிறகோ கொஞ்சம் கோணினால் யாருக்கும் தெரியாது. முகம் அப்படியில்லை, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் மாறினாலே அது வேறு யாரோ. அந்த 'வேறு யாரோ' தினமும் காலையில் பல் தேய்க்கும்போது உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பச்சையிலிருந்து போர்ட்ரெய்ட் வரை

உடம்பில் குத்திக்கொள்வது நமக்குப் புதுசு இல்லை. நாம் 'பச்சை' என்பதை கன்னடத்தில் 'ஹச்சே' என்கிறார்கள். நம்ம பத்து அங்கே 'ஹத்து' ஆன மாதிரிதான் இதுவும். ஆனால் பாட்டிகள் கையில் இருந்தது கோலமும் புள்ளியும் பெயரும்தான். தலைவர் முகம் பிறகு வந்தது. 2016 பிப்ரவரியில், ஜெயலலிதாவின் 68-வது பிறந்தநாளையொட்டி சென்னை வேளச்சேரியில் நூற்றுக்கணக்கானோர் அவர் உருவத்தைப் பச்சை குத்திக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் குத்தியதாக அப்போது கண்டனம் எழுந்தது.

போட்டோ போலவே தெரியும் 'பிளாக் அண்ட் கிரே' பாணிக்கு இன்னொரு வேர் உண்டு. அமெரிக்கச் சிறைகளில் கேசட் பிளேயர் மோட்டாரையும் கிட்டார் கம்பியையும் வைத்துக் கைதிகள் செய்த மெஷினில் ஒரே ஊசி, ஒரே கறுப்பு மை. வேறு நிறம் கிடைக்காததால் கறுப்பை நீர்க்கடித்தே சாம்பல் நிறங்களை உண்டாக்கினார்கள். 1975-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் திறந்த ஸ்டூடியோ இந்தப் பாணியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இன்று பெங்களூரு ஸ்டூடியோக்களில் போடப்படும் கறுப்பு-வெள்ளை முகங்களின் அடிப்படை இதுதான்.

மை தோலுக்குள் போனால் என்ன ஆகிறது?

ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், மேல்தோலைத் தாண்டி உட்தோலில் மையை விடுகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. 'மேக்ரோஃபேஜ்' எனும் எதிர்ப்பு செல்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை; வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன. அந்த செல் செத்தால் மை வெளியே வரும், பக்கத்தில் வரும் புது செல் விழுங்கும். பிரான்சின் மார்சே நகர ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள். டாட்டூ நிலைப்பதற்குக் காரணம் இந்தக் கைமாற்றல்தான் என்பது அவர்கள் முடிவு.

தோல் இப்படி உயிரோடு இருப்பதால், வருஷம் போகப்போக மை கொஞ்சம் பரவும், கோடு தடிக்கும். இன்று இமை முடி என்று போட்ட மூன்று மெல்லிய கோடுகள் பத்து வருஷத்தில் ஒரே நிழலாகிவிடலாம். அதனால்தான் நல்ல ஆர்ட்டிஸ்ட்கள் தீப்பெட்டி அளவில் முகம் கேட்டால் மறுத்துவிடுகிறார்கள். குறைந்தது உள்ளங்கை அளவு வேண்டும் என்பார்கள். பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் வெளிச்சப் புள்ளிக்கு இடம் வேண்டாமா?

அடுத்தது நம்ம நிறம். தோலின் நிறமி இருப்பது மேல்தோலில், மை இருப்பது அதற்குக் கீழே. ஆக, டாட்டூவை எப்போதும் ஒரு பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். வெள்ளை மை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மங்கிவிடும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் வெளிச்சம் விழும் இடங்களை மை போடாமல் விட்டு, தோலையே வெளிச்சமாக்குவதுதான் வழி. வெள்ளைக்காரர் கையில் பார்த்த கலர் போர்ட்ரெய்ட்டைக் காட்டி 'இதே மாதிரி' என்று கேட்டால் அதே மாதிரி வராது. கறுப்பும் சாம்பலும் நம் தோலில் அழகாகவே உட்காரும்.

எந்த போட்டோ, எந்த ஆர்ட்டிஸ்ட்?

பெரும்பாலும் கோட்டை விடுவது போட்டோவில்தான். வாட்ஸ்அப்பில் பத்து குரூப் சுற்றிவந்த படத்தில் விவரம் எதுவும் மிஞ்சியிருக்காது. ஃபிளாஷ் அடித்து எடுத்த ரேஷன் கார்டு முகத்தில் நிழலே இருக்காது, நிழல் இல்லாமல் மூக்கு இல்லை. ஜன்னல் பக்கம் நின்று, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருக்கும் படம்தான் வேண்டும். பழைய ஆல்பம் படம் என்றால் போனில் போட்டோ எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். முக்கியமாக, அம்மாவிடமும் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். எந்தப் படத்தில் அப்பா அப்பாவாக இருக்கிறார் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆர்ட்டிஸ்டை இன்ஸ்டாகிராம் பார்த்து முடிவு செய்கிறோம். அங்கே இருப்பதில் பெரும்பாலானவை போட்டு முடித்த ஐந்தாவது நிமிஷத்தில் எடுத்தவை, கறுப்பு பளபளக்கும். 'ஆறின டாட்டூ படம் இருக்கா? ஒரு வருஷம் ஆனது? என் நிறத்தில்?' என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் படம் காட்டுபவரிடம் போகலாம்.

மை பாதுகாப்பானதா?

இதில்தான் நம்ம ஊர் பின்தங்கியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ், மாநில ஆய்வில் டாட்டூ மைகளில் ஆர்செனிக், குரோமியம், செலினியம் உட்பட 22 உலோகங்கள் இருந்ததாகச் சொன்னார். மைக்குத் தர நிர்ணயம் கேட்டு மத்திய அரசுக்கு எழுதுவதாகவும் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியமோ 2022 ஜனவரியிலேயே டாட்டூ மையில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களைக் கட்டுப்படுத்திவிட்டது. எனவே பாட்டிலின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி ஆகியவற்றை நீங்கள்தான் பார்க்கணும். ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுசாகப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். காயம் தடித்து மேடாகும் 'கீலாய்டு' குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் பேசுங்கள். இன்னொன்று: டாட்டூ போட்டால் ஒரு வருஷம் ரத்ததானம் செய்ய முடியாது.

பிடிக்கலைன்னா அழிச்சிடலாமா?

லேசர் இருக்கிறது, பல சிட்டிங், ஒவ்வொன்றுக்கும் நடுவே பல வாரம். கறுப்பு மை ஓரளவு நன்றாகவே போகும். ஆனால் நம்ம நிறத்தில் லேசர் பட்ட இடம் வெளுத்தோ கறுத்தோ போகும் ஆபத்து கூடுதல், அதனால் அதற்கேற்ற அலைநீளம் தெரிந்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். 'கவர் அப்' என்றால் பழைய முகத்தின் மேல் இன்னும் பெரிய, இன்னும் கறுத்த ஒன்று.

சரியாக வந்த டாட்டூவுக்கும் பராமரிப்பு உண்டு. மேல்புண் ஆற இரண்டு முதல் நான்கு வாரம். பக்கு உதிரும்போது பிய்க்கக் கூடாது, பிய்த்த இடத்தில் மை போய்விடும். நீச்சல் குளம் அதுவரை வேண்டாம். ஆறிய பிறகு எதிரி வெயில்தான். தினமும் பைக்கில் அவுட்டர் ரிங் ரோடு போகிறவர்கள் முன்கையில் முகம் போட்டால் ஃபுல் ஸ்லீவோ சன்ஸ்கிரீனோ கட்டாயம். ஒன்றிரண்டு மாதம் கழித்து டச்-அப்புக்குக் கூப்பிடுவார்கள். அதற்குப் போகும்போது அந்த ஒரிஜினல் போட்டோவையும் எடுத்துப் போங்கள். ஆர்ட்டிஸ்ட் திருத்த வேண்டியது அதைப் பார்த்துத்தான்.