நாவலிடம் கேட்க வேண்டிய கேள்வி

நாவல் படிப்பவர்களில் பெரும்பாலோர் நாவல்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அரசரும் அரசியரும், கோட்டையும் சுரங்க வழியும், ஒற்றரும் ஓலையும் வருவன சரித்திர நாவல்கள். நம் காலத்து மக்களின் குடும்பமும் தொழிலும் இன்ப துன்பங்களும் வருவன சமூக நாவல்கள். இவ்விரண்டையும் நெடுங்காலமாக ஒரே ஆவலோடு படித்து வருகிறவன் நான். அவற்றுள் எனக்கு மிகுந்த இன்பம் தந்த சிலவற்றைப் பற்றியும், அவற்றை எவ்வாறு படித்தால் இன்பத்தோடு பயனும் கிட்டும் என்பதைப் பற்றியும் என் கருத்தை ஈண்டு சொல்ல விரும்புகிறேன்.

சரித்திர நாவலைப் படித்து முடித்ததும் நம்மில் பலர் கேட்கும் கேள்வி, "இது உண்மையில் நடந்ததா?" என்பது. சமூக நாவலைப் படித்து முடித்ததும் கேட்கும் கேள்வி, "இது நமக்கு என்ன சொல்கிறது?" என்பது. இரண்டும் நல்ல கேள்விகளே. ஆனால் இடம் மாறி நிற்கின்றன என்பது என் எண்ணம். முதற் கேள்வியைச் சமூக நாவலிடமும், இரண்டாவது கேள்வியைச் சரித்திர நாவலிடமும் கேட்டுப் பார்த்தால், இரண்டு நாவல்களும் நமக்கு வேறு விதமாகத் தோன்றத் தொடங்கும்.

தமிழில் இவ்விரு வகையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ஆம் ஆண்டு வெளிவந்தது. பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்னும் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்த 1895-ஆம் ஆண்டிலேயே, திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை, நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட 'மோகனாங்கி'யை வெளியிட்டார். இவற்றுள் முதல் நூல் நீதி புகட்டும் நோக்கத்தை மறைக்காமல் எழுதப்பட்டது. சமூக நாவலிடம் படிப்பினையை எதிர்பார்க்கும் பழக்கம் அன்றே நம்மிடம் வேர்கொண்டுவிட்டது போலும்.

முதலில் சரித்திர நாவலை எடுத்துக்கொள்வோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையே அதன் மையம். அக்கொலை நடந்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு, கொலைக்குக் காரணமானவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கொலை நடந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர், அவர்களுடைய நிலங்களும் அவர்தம் உறவினருடைய நிலங்களும் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியையும் சொல்கிறது. ஆனால் ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்பவற்றைப் பற்றி அக்கல்வெட்டு வாய் திறக்கவில்லை.

கல்வெட்டு மௌனம் சாதிக்கும் இடத்தில்தான் நாவலாசிரியர் பேசத் தொடங்குகிறார். நந்தினி என்னும் பெண் அந்த மௌனத்திலிருந்து பிறந்தவள். பழுவூரை ஆண்ட பழுவேட்டரையர் குலம் சரித்திரத்தில் உண்டு. ஆனால் நந்தினியை மணந்து அவள் வசப்பட்டுக் கிடந்த முதியவர் கல்கியின் கற்பனை. அப்படியிருந்தும், பழுவேட்டரையர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த முதியவரே நினைவுக்கு வருகிறார்! இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். உத்தம சோழனுக்கு அக்கொலையில் பங்கு இருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை ஏற்கவில்லை. கல்கியோ, கோயிலுக்குப் பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனையே உத்தம சோழனாக்கி, அவனைக் குற்றத்தின் நிழலும் படாதவனாக நிறுத்திவிட்டார். ஒருவர் குற்றவாளி என ஐயுற்றவரை மற்றொருவர் பக்தராக்குகிறார். இறந்துபோன மனிதனோ எதற்கும் மறுமொழி சொல்ல முடியாதவன்.

ஆகவே, "நடந்ததா?" என்ற கேள்வியைக் கல்வெட்டிடமும் வரலாற்று ஆசிரியரிடமும் கேளுங்கள், நாவலிடம் கேட்க வேண்டாம். நாவலிடம் கேட்க வேண்டியது, "நீ எனக்கு என்ன சொல்கிறாய்?" என்பதே. அப்படிக் கேட்டபோது எனக்குப் புலனான ஒன்றைச் சொல்கிறேன். அந்நாவலின் முடிவில், மக்கள் விரும்பியும் அருள்மொழி தன் முடியைச் சிறிய தந்தைக்கு விட்டுக் கொடுக்கிறான். அவ்வாறு அவன் விட்டுக் கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் கூறுகின்றன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தது. தம்மை ஆள்வோரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை எல்லா மக்களும் முதன்முதலாகப் பெற்ற அந்த ஆண்டுகளில், கிடைத்த பதவியைத் துறந்த ஓர் இளவரசனின் கதையை அம்மக்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்தார்கள். கதை பத்தாம் நூற்றாண்டைப் பற்றியது. கேள்வி அவர்கள் காலத்தைப் பற்றியது. பதவியை எப்படி அடைவது என்பதைவிட எப்போது விடுவது என்பதே அரிய கலை என்ற எண்ணம் எந்தக் காலத்துக்குத்தான் வேண்டாததாகும்?

அரசர் இல்லாமலும் சரித்திர நாவல் உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே புறப்பட்டு வந்த குடிகள், காட்டை எரித்துத் திருத்திக் கரிசல் நிலத்தில் ஊர் அமைத்த வரலாறு அதில் வருகிறது. அதற்குச் சான்று கல்வெட்டு அன்று. பாட்டிமார் சொல்லிவந்த கதைகளே. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது. பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய அக்குறிப்பில் கவர்னர்களின் ஆலோசனையும் உண்டு. தெருவில் நடந்த வழக்கும் உண்டு. நாவலாசிரியர் தெருவைத் தேடிப் போனார். சரித்திரம் என்றால் முடியும் வாளும் மட்டுமல்ல என்பதை எனக்கு உணர்த்தியவை இவ்விரு நூல்களும்.

இனிச் சமூக நாவலுக்கு வருவோம். இதனிடம், "உண்மைதானா?" என்று கேட்க வேண்டும் என்றேன். நம் காலத்துக் கதைக்கு அக்கேள்வி எதற்கு, நம் கண்ணெதிரே நடப்பதுதானே என்று சிலர் நினைக்கலாம். நம் கண்ணெதிரே நடப்பவற்றுள் நாம் பார்த்தவை எத்தனை? நாள்தோறும் உணவில் உப்பு இடுகிறோம். உப்பளத்தில் வேலை செய்பவர்களை நாம் அறிவோமா?

ராஜம் கிருஷ்ணன் 1979-இல் வெளியிட்ட 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றியது. அவர் எழுதுமுன் அவ்விடங்களுக்கே சென்று, தொழிலாளர்களோடு பழகி, அவர்கள் வாழ்வைக் கண்டறிந்து எழுதியவர். பாத்தியில் நிற்பவரின் கால்களை உப்பு நீர் புண்ணாக்குவதும், வெண்மையான உப்பின் மீது பட்டுத் திரும்பும் வெயில் கண்களைக் கூசச் செய்து கெடுப்பதும், பெண்கள் வேலைக்கு வந்த இடத்தில் அஞ்சி நடக்க வேண்டியிருப்பதும் வீட்டில் அமர்ந்து கற்பனை செய்து எழுதக் கூடியவை அல்ல. நீலகிரிப் படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித்தேன்' என்னும் நாவலையும் அவர் இவ்வாறு நேரிற் கண்டறிந்தே எழுதினார்.

இதில் உண்மையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உப்பளத் தொழிலாளி அந்நாவலைப் படித்து, "அம்மா, இது இப்படியன்று" என்று மறுப்பு எழுதப் போவதில்லை. அவருக்கு அதற்கான ஓய்வும் இல்லை. அவர் எழுதினால் அச்சிட ஏடும் அரிது. இறந்துபோன அரசனைப் போலவே உயிரோடிருக்கும் ஏழையும் நாவலுக்கு மறுமொழி சொல்ல இயலாதவராக இருக்கிறார். அரசன் பொருட்டு வாதாடக் கல்வெட்டாவது உண்டு. ஏழைக்கு அதுவும் இல்லை. நாவலாசிரியரின் மனச்சான்று ஒன்றே காவல்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய சமூக நாவல் நாளைய சரித்திரச் சான்று. ராஜமையர் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தம் காலத்துக் கதையாகவே எழுதினார். மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் ஊரின் வம்புப் பேச்சையும், பள்ளித் தமிழாசிரியர் அம்மையப்ப பிள்ளையின் வேடிக்கைகளையும் இன்று படிக்கும்போது, நூறாண்டுகளுக்கு முந்திய ஒரு சமுதாயத்தின் குரல் நம் காதில் விழுகிறது. அக்குரல் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. இருபத்தாறு வயதே வாழ்ந்து 1898-இல் மறைந்த ஓர் இளைஞர் அதை உள்ளபடி கேட்டு எழுதி வைத்ததனால் நமக்குக் கிடைத்தது. அவர் கவனமின்றி எழுதியிருந்தால், பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு ஆராய்ந்தாலும் அதைத் திருத்த முடியாது.

எனவே வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. ஒரு சரித்திர நாவலை முடித்தால், அந்தக் காலத்தைப் பற்றி வரலாற்று ஆசிரியர் ஒருவர் எழுதிய பத்துப் பக்கமாவது படியுங்கள். நாவலின் சுவை அதனால் குன்றாது. ஆசிரியர் எந்த இடத்தில் நின்று எந்த இடத்திற்குத் தாவினார் என்று தெரியும்போது வியப்பு மிகும். ஒரு சமூக நாவலை முடித்தால், அதில் வரும் தொழிலைச் செய்கிறவர் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். நாவலில் இருப்பது சரிதானா என்று அவரே சொல்லட்டும். அதுவரை மறுமொழி சொல்ல வழியின்றி இருந்த ஒருவருக்கு நீங்கள் காது கொடுத்தவராவீர்கள். நல்ல நாவல் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடமும் அதுதான்.