உங்களுக்குத் தெரியுமா? வரைபடத்தின் ஓரம் சொல்லும் சேதி

வரைபடத்தை விரித்ததும் நாம் தேடுவது சொந்த ஊரை. நில அளவையாளரின் கண் முதலில் போவது தாளின் ஓரத்துக்கு. அளவை, வட திசை, குறியீடுகளின் விளக்கம், அளவெடுத்த ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆண்டு பழையதென்றால் புறவழிச்சாலையைத் தேடிப் பயனில்லை.

1:50,000 என்று போட்டிருந்தால் தாளில் 1 செ.மீ., தரையில் 500 மீட்டர். வளைந்து நெளியும் மலைப்பாதையை ஸ்கேலால் அளக்க முடியாது. அதன்மேல் நூலை ஒட்டிப் பிடித்து, பிறகு நூலை நீட்டி அளக்க வேண்டும். அதே தாளைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தீர்களா? 1:50,000 என்ற எண் அப்போதே பொய்யாகிவிடும். கீழே வரைந்திருக்கும் அளவைக் கோடு மட்டும் படத்தோடு சேர்ந்து வளர்வதால் சரியாகவே இருக்கும்.

தேர்வில் பலரும் சறுக்கும் இடம்: கிராம வரைபடம்தான் ‘பெரிய அளவை’, உலக வரைபடம் ‘சிறிய அளவை’.

பழுப்புக் கோடுகள் சம உயரத்தைக் காட்டுபவை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் வழக்கமாகக் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் ஏற்றம். நெருக்கியடித்து நின்றால் செங்குத்து, மூச்சு வாங்கும். ஓடையைக் கடக்கும்போது அவை ‘V’ போல மடங்கும். அதன் கூர்முனை ஓடை பிறக்கும் பக்கம் பார்க்கும்.

அந்தத் தாள்களில் நீலம் என்றால் தண்ணீர். ஆனால் வறண்டு கிடக்கும் ஓடைக்குக் கறுப்புக் கோடுதான்.  ஏரிக்கரையோரம் ‘5r’ என்று கண்டால், அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் அல்ல. பக்கத்துத் தரையைவிடக் கரை 5 மீட்டர் உயரம், அவ்வளவே.

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணிக்கு 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டவர் வில்லியம் லாம்ப்டன். மலையில்லாத காவிரிச் சமவெளியில், தூரத்துப் புள்ளிகளைப் பார்க்கும் உயரத்துக்கு எங்கே போவது? கோயில்களின் மேல் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது, அரை டன் கனமான கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. புதிதுக்குக் காத்திராமல் லாம்ப்டனே அதைச் சீராக்கினார்.

மனை வாங்கும்போது சொல்லும் சென்ட் கணக்கும் அளவைச் சங்கிலியோடு சேர்ந்ததே. 66 அடிச் சங்கிலியைப் பக்கமாகக் கொண்ட சதுரம் 4,356 சதுர அடி. சரியாக 10 சென்ட். சங்கிலி, 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டருடையது.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறதா? அது 1569-இல் மெர்கேட்டர் வகுத்த முறை. உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. துருவத்தை நெருங்க நெருங்கப் பரப்பு ஊதிப்போகும், ஆனால் திசைக்கோணம் கெடாது. கப்பலோட்டிகளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கோணம்தான்.