பச்சை பாயிண்டரும் ஒற்றை அடுக்கும்

கம்ப்யூட்டர் வகுப்பில் திரையைச் சுட்டிக்காட்ட பச்சை லேசர் பாயிண்டர் ஒன்று வைத்திருந்தேன். "உள்ளே பச்சை பல்பா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தவறு.

இத்தகைய பாயிண்டர்கள் பலவற்றில் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அலைநீளம் 1064 நானோமீட்டர். கேடிபி என்ற சிறு படிகம் அதைச் சரிபாதியாக்கி, 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே அனுப்புகிறது. உள்ளே செல்லும் ஒளியை 2 மடங்காக்கினால் புது ஒளி 4 மடங்காகும். நேர்விகிதத்தில் கூடாததால் இதற்கு நான்லீனியர் ஆப்டிக்ஸ் என்று பெயர்.

1961-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் ரூபி லேசரைக் குவார்ட்ஸில் செலுத்தி இதைக் கண்டார்கள். ஆதாரம், போட்டோ பிளேட்டில் விழுந்த சின்னப் புள்ளி. ஆய்விதழில் அச்சான படத்தில் அந்தப் புள்ளியைக் காணோம். அழுக்கு என்று நினைத்து நீக்கிவிட்டார்களாம்!

சரி, நம் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கம்பிக்குப் பதில் ஒளியால் தகவல் அனுப்பும் சிப்புகள் வந்துவிட்டன. ஆனால் சிலிக்கனின் அணு அமைப்பு எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரி இருப்பதால், அதனுள் இந்த வித்தை நடப்பதில்லை. வேறு பொருள் வேண்டும்.

மெக்கானிக்குகள் பயன்படுத்தும் மாலி கிரீஸில் உள்ள மாலிப்டினம் டைசல்பைடு அப்படி ஒன்று. புத்தகத் தாள்போல் அடுக்கடுக்கானது. ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். 2013-ல் வெளியான ஆய்வுகள் வேடிக்கையான ஒன்றைக் காட்டின. ஓர் அடுக்கு நிறத்தை மாற்றுகிறது. இரண்டு அடுக்கு சேர்ந்தால் எதிரெதிராக அமைந்து, ஒன்று உண்டாக்கும் ஒளியை மற்றது அழித்துவிடுகிறது. மூன்றாவது சேர்ந்தால் மறுபடி வருகிறது! இவ்வளவு மெல்லிய அடுக்கை ஒளி குறுக்கே கடந்தால் பலன் மிகக் குறைவு. அதனால் சிப்பில் செதுக்கிய நானோ ஒளிப்பாதையின் மேல் ஸ்டிக்கர்போல் ஒட்டி, ஒளியை அதன் நீளவாக்கில் ஓடவிடுகிறார்கள். பசை தேவையில்லை, தானே ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் மாணவனிடம் திருத்திச் சொன்னேன். "பச்சையாக மாறாத மிச்சம் எங்கே போகும் சார்?" என்றான். தடுக்கும் ஃபில்டர் இல்லையென்றால் வெளியேதான் வரும். 2010-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் சோதித்த மலிவான பாயிண்டர் ஒன்றில், பச்சையைப்போல் கிட்டத்தட்ட 10 மடங்கு அகச்சிவப்பு கசிந்தது. கண்ணில் பட்டாலும் தெரியாது. கண் சிமிட்டவும் தோன்றாது. மங்கலாகத்தானே எரிகிறது என்று குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.