முதுவேனிற் கொல்லை

ஆனி, ஆடி இரண்டையும் முதுவேனில் என்று நம் முன்னோர் வகுத்தனர். நகரவாசிகள் இம்மாதங்களை அறிவது விசிறியின் கீழ் அமர்ந்து வெயிலை நொந்துகொள்வதன் மூலமாகவே. ஆனால் வீட்டுக்குப் பின்னால் சிறிது மண்ணும் ஒரு கிணறும் உடையவர்களுக்கு வருஷத்தில் இதைவிட வேலை மிகுந்த காலம் வேறில்லை. அறுவடையும் விதைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கின்றன. ராஜீய விவகாரங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இப்பக்கத்தில் பத்திராதிபர் கத்தரிக்காயைப் பற்றி எழுதப் புகுந்ததேன் என்று நம் தேச ஊழிய நண்பர்கள் நகைக்கக்கூடும். முழுவதையும் வாசித்துவிட்டு நகைக்குமாறு வேண்டுகிறோம்.

தை, மாசியில் நட்டவை இப்போது ஓய்ந்து நிற்கின்றன. வெண்டை முற்றி நாராகிறது; கொத்தவரை காய்ப்பை நிறுத்திவிட்டது. கத்தரியை மட்டும் வேரோடு பிடுங்கி எறிவது அவசரக்காரர் செயல். நிலத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டி, அடியைக் கொத்தி, மட்கிய எரு இட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் மறுபடி துளிர்த்து இன்னும் ஒரு முறை காய்க்கும். முருங்கை மரம் மெலிந்த உடம்பினது. ஆடிக் காற்றுக்குச் சற்றும் தாங்காது. ஆதலின் காய் ஓய்ந்தவுடன் கிளைகளை நாமே கழித்துவிடுதல் நன்று. கழித்த கிளையில் கைப்பருமன் உள்ளதை ஊன்றினால் அடுத்த வீட்டுக்காரருக்கும் ஒரு மரம் ஆகும். மேற்கே மேகம் திரளுமுன் கிடைக்கும் வெயிலில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரையும் மோரில் ஊறி வற்றலாகின்றன. இவ்வேலையின் நுட்பங்களை நம் வீட்டு ஸ்திரீகள் நம்மைவிட நன்கு அறிவாராதலால் அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

வேப்பமரம் இப்போது பழம் உதிர்க்கிறது. அதைப் பெருக்கிக் குப்பையில் தள்ளுவோரே அநேகர். பழத்தைச் சேர்த்து, தோலும் சதையும் போகக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திக் கோணிப்பையில் காற்றாட வைத்தல் வேண்டும். மூன்று மாதம் சென்றபின், 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இராமுழுதும் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சோப்புக் கரைத்து, மாலை வேளையில் தெளித்தால் இலை தின்னும் புழுவும் அசுவினியும் பெரும்பாலும் அடங்கும். கத்தரிக்காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது. அக்காயைப் பறித்து அழிப்பதே வழி.

இந்த வேம்பின் பொருட்டு ஒரு வழக்கு நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சாள நோயைத் தடுக்கும் முறை தங்களுடையது என்று அமெரிக்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் கம்பெனியும் விண்ணப்பித்தன. 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை ஆபீஸ் அவற்றுக்கு உரிமை வழங்கிற்று. வந்தனா சிவா முதலியோர் 1995இல் ஆட்சேபம் தாக்கல் செய்தனர். 2000ஆம் வருஷத்தில் அவ்வுரிமை ரத்தாயிற்று; அப்பீல் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. வெற்றி நம் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. எனினும் தொழிலால் வக்கீலான நமக்கு அவ்வெற்றியில் ஓர் அம்சம் உறுத்துகிறது. நம் பாட்டிமார் அறிந்த ஒன்றை நாம் முன்பே அறிந்திருந்தோம் என்று அந்நிய நாட்டு அதிகாரிகள் முன் ரூபிக்கப் பத்து வருஷம் பிடித்தது. கையாண்டு வந்த வழக்கமானபடியால் ரூபிக்க முடிந்தது. கைவிட்ட வழக்கத்துக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்?

அதனால்தான் முதுவேனில் வேலைகளுள் விதை எடுப்பதையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம். செழித்த செடியில் வடிவான வெண்டைக்காய் இரண்டை நூல் கட்டி அடையாளமிட்டுச் செடியிலேயே உலர விடவேண்டும். (எங்கள் வீட்டுச் சமையற்காரர் அந்நூலை ஒருபோதும் மதித்ததில்லை, அடையாளமிட்ட காயே சாம்பாருக்கு முதலிற் போகும்.) கத்தரிக்காய் பழுத்து மஞ்சளான பின் அறுத்து நீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதை வடித்துவிடலாம். தக்காளியின் சதையை இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவினால் விதையைச் சூழ்ந்த வழுக்கை நீங்கும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் பக்குவத்தில் பறித்தற்குரியன. பரங்கியில் ஓர் எச்சரிக்கை உண்டு. தேனீ ஒரு கொல்லையின் மகரந்தத்தை மற்றொரு கொல்லைக்கு எடுத்துச் செல்லுமாதலால், அயலில் வேறு ஜாதிப் பரங்கி இருந்தால் விதை கலப்பாகும். முதல்நாள் மாலையே பெண்பூவின் அரும்பையும் ஆண்பூவின் அரும்பையும் நூலால் கட்டி, விடிந்ததும் அவிழ்த்துக் கையால் மகரந்தம் சேர்த்து, பெண்பூவை மறுபடி கட்டிவிடுவது உபாயம். கசக்கும் சுரைக்காயின் விதையை ஒருநாளும் எடுக்கலாகாது. அக்காயை உண்ணவும் ஆகாது. அக்கசப்பு விஷம். கசந்த சுரைச் சாற்றைக் குடித்து உயிரிழந்தோரும் உண்டு.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையில் இவ்வளவு தொல்லை இல்லை என்பார்கள். மெய்தான்; விளைச்சலும் மிகுதி. ஆனால் அது இரு வேறு பெற்றோரைக் கூட்டிப் பெற்ற முதல் தலைமுறை. அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் முளைக்காது. பல வடிவாய்ச் சிதறும். ஆகவே ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைவாசலில் நிற்க வேண்டும். பெருங்குடியானவனுக்கு அது லாபமாகவும் இருக்கலாம். அதில் நமக்கு வழக்கில்லை. நாலு பாத்திக் கொல்லையிலும் சுதேச விதை இல்லாமற் போவதே நம் வழக்கு.

சட்டம் நமக்கு விரோதமன்று. 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமையுடையவன் என்கிறது; பாதுகாக்கப்பட்ட ரகத்தை வியாபார முத்திரையிட்டு விற்பது ஒன்றுதான் கூடாது. இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், 2019 ஏப்ரலில் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட விவசாயிகள் நால்வர்மீது பெப்ஸிகோ கம்பெனி தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் கண்டனம் எழவே மே மாதத்தில் வாபஸ் பெற்றது. அந்த ரகத்தின் பதிவு 2021 டிசம்பரில் ரத்து செய்யப்பட்டது. 2024 ஜனவரியில் டில்லி ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்சு அந்த ரத்தை ரத்து செய்தது. ஏட்டில் உள்ள உரிமை கோர்ட்டு வாசலில் எவ்வளவு ஏழையாய் நிற்கிறது என்பதை நம் தொழிலில் தினந்தோறும் காண்கிறோம். சேமிக்கும் உரிமையை எவ்வளவு போராடிக் காத்தாலும், சேமிக்க வீட்டில் விதை ஒன்று இருக்கவேண்டுமல்லவா?

இதைப் பிறருக்கு உபதேசிக்க நமக்கு அருகதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். எமது அத்தையார் காலம்வரை எங்கள் கொல்லையில் ஓர் அவரை இருந்தது. காய் வெளிர்பச்சை, அகலமானது. இரு விளிம்பிலும் ஊதாக் கோடு. விதை கறுப்பு, அதன் மூக்கு வெள்ளை. மார்கழிப் பனியில் பந்தலே தெரியாமல் பூக்கும். வருஷந்தோறும் விதையைச் சாம்பலிற் புரட்டி மண்கலயத்தில் இட்டு, வாயைத் துணியால் கட்டிப் பரண்மேல் வைப்பார் அத்தை. அவர் காலமான வருஷம் நாம் மகாநாடு என்றும் தேர்தல் என்றும் ஊரூராய்த் திரிந்தோம், ஆடி கடந்துவிட்டது. மறு வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் கலயத்தைத் திறந்து பார்த்தோம். வண்டு துளைத்த தோலும் மாவுமே மிஞ்சியிருந்தன. அத்தனை கூட்டங்களிலும் நாம் பேசிய விஷயம் சுதேசியம்.

இனி விதைப்பு. நாட்டு அவரை பகல் குறுகத் தொடங்கிய பின்னரே பூக்கும் இயல்பினது. சித்திரையில் ஊன்றினால் கொடி மாத்திரம் ஓடும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னதன் நியாயங்களுள் இதுவும் ஒன்று. மற்றொன்று மழை. நம் மாகாணத்தின் வருஷ மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி முதலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கிறது. அதற்குள் வேர் இறங்கிக் கொடி பந்தலேறியிருத்தல் அவசியம். முழ ஆழக் குழியில் எருவும் மேல்மண்ணும் நிரப்பி நாலைந்து விதை ஊன்றி, முளைத்தபின் இரண்டை நிறுத்தலாம். அவரை, சுரை, பீர்க்கு, புடல், பாகல், பரங்கி யாவற்றுக்கும் இதுவே தருணம். பந்தற்கால்களை ஆடிக் காற்று ஓய்ந்தபின் நடுவது நலம். முந்தி நட்டு ஒரு முறை எல்லாம் சாய்ந்துபோயிற்று.

ஊர்தோறும் உள்ள நம் கட்சிக் கமிட்டிகள் ஆடிப்பதினெட்டுக்கு முன் ஒரு மாலையை விதை மாற்றத்துக்கென ஒதுக்குவதில் எவ்விதச் சிரமமும் இல்லை. கொடி கட்டி ஒலிபெருக்கி வைக்க வேண்டியதில்லை. ஒரு பாயும் சில காகிதப் பொட்டலங்களும் போதும். வீட்டு ஸ்திரீகளை அழைத்து வருவது மாத்திரம் அவசியம். விதை அவர்களிடமே இருக்கிறது.

நமது காரியாலயத்தில் இப்போது ஒரு குடுக்கை நிறையச் சுரை விதையும் சிறிது வெண்டை விதையும் உள்ளன. வேண்டுவோர் எந்த மாலையிலும் வந்து பெற்றுக்கொள்ளலாம். மேலே சொன்ன ஊதா விளிம்பு அவரை எவர் வீட்டிலேனும் இருக்குமாயின் பத்து விதை தந்துதவக் கோருகிறோம். ஆடி முடியுமுன் கிடைத்தால் இவ்வருஷமே ஊன்றிவிடலாம்.