நடுவழியில் நிற்கும் கார்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலை ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்தையும் தாண்டிவிடும் கார், சில சமயம் ஒரு சின்ன மேட்டைத் தாண்ட மறுத்து நின்றுவிடும்!

உடனே கூட்டம் கூடும். வயலில் நிற்பவர் மண்வெட்டியோடு கரையேறி வருவார். டீக்கடையிலிருந்து நாலு பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து தள்ளுவார்கள். கூலி கேட்பதில்லை. கார் கிளம்பிவிடும். ஆனால் கோளாறு தீர்ந்துவிட்டதா? இல்லை. அதுவும் காரோடு சேர்ந்து புறப்பட்டுவிடுகிறது.

ஈரத்துணி வைத்தியம்

பழைய பெட்ரோல் அம்பாஸடர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். சித்திரை வெயிலில், நடுப்பகலில் கார் நின்றுவிடும். என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுவதுதான் காரணம். ஆவியைப் பம்பினால் இழுக்க முடியாது. டிரைவர் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். பம்பு குளிர்ந்ததும் கார் ஓடும். மறுநாள் அதே வெயிலில் மறுபடியும் நிற்கும். துணி ஜுரத்தைத் தணித்தது, நோயைத் தீர்க்கவில்லை.

ரேடியேட்டர் கொதிப்பதும் இப்படித்தான். வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. தொய்ந்த பெல்ட், ஒழுகும் ரப்பர் குழாய், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் - இவற்றில் எது காரணம் என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் என்ஜின் ஹெட்டே வளைந்துவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தாலோ, சீறி வரும் ஆவி முகத்தையே வேகவைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு ஆபத்து. சாலை வெள்ளத்தில் நின்றுபோன காரை மறுபடி கிளப்பவே கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் என்ஜின் உடைந்துபோகும். தள்ளிக் கரையேற்றுவதே நல்லது.

ஓர் அம்மையாரின் பயணம்

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் அம்மையார், கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரு புதல்வர்களுடன் சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். ஆனால் அதோடு விட்டாரா? மேட்டில் வண்டி திணறியதைக் கணவரிடம் சொன்னார். அதன் பிறகு வண்டிக்கு இன்னொரு கியர் சேர்ந்தது!

யாரைக் கூப்பிடுவது?

தேசிய நெடுஞ்சாலையில் கார் நின்றால் 1033 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்யலாம். ஆற்றங்கரைச் சாலைகளோ பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலைகள் அல்ல. அங்கே இன்றும் கரையேறி வருகிற மனிதர்கள்தான் துணை. ஆனால் இன்றைய கார்களில் பெட்ரோலை அளந்து விடுவது மின்னணுக் கருவி. அதனிடம் ஈரத்துணி பலிக்காது.

முகூர்த்தத்துக்குப் போகிறவர்களும், தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிச் செல்பவர்களும் அந்தக் காரை நம்பித்தான் ஏறுகிறார்கள். இரண்டாம் முறை நின்றவுடனேயே ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்: எத்தனை மணிக்கு நின்றது? எவ்வளவு தூரம் ஓடியபின் நின்றது? சூட்டு முள் எங்கே இருந்தது? அந்தக் காகிதத்தை மெக்கானிக்கிடம் கொடுத்தால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

தள்ளிவிட்டவர்களுக்கும் அதுவே நன்றி. அவர்கள் மறுபடியும் தள்ள வேண்டியதில்லை அல்லவா?